மாதிரி

பிப்ரவரி முடிவதற்குள்
பிரயிலா நகரில் தட்டச்சு யந்திரம் வைத்திருப்போர் எல்லாரும்
என் மேசைக்கு வந்தாக வேண்டும்.
காய்ச்சல்காரக் குழந்தையைப் போல
போர்வையில் சுற்றித் தூக்கி வருவார்கள்.
தன்யூப் உறைந்து கிடக்கும். அறைக்குள் பன்னிரண்டு டிகிரி.
நுனி வெட்டிய கையுறையோடு தாளை நீட்டுவேன்.

எல்லோருக்கும் ஒரே வாக்கியம்.
நன்றியும் விசுவாசமும் கலந்து பதினோரு சொற்கள்.
பிறகு எழுத்துகள் வரிசையாக, எண்கள், காற்புள்ளி,
கடைசியில் கேள்விக்குறி.
அதை மட்டும் சிலர் மெதுவாகத் தட்டுவார்கள்.

பல் மருத்துவர் தியகோனுவின் யந்திரத்தில்
எட்டு என்ற எண்ணுக்கு இடுப்பில் மை அடைத்திருக்கும்.
விதவை எவ்ஃப்ரோசினாவின் வரிகள்
மாடிப்படி ஏறும்.
துறைமுகக் கணக்கன் லுங்குவுக்கு
சொல்லுக்குச் சொல் ஒரு தும்மல் இடைவெளி.
ஒரே வாக்கியம் என்பதால்தான்
இத்தனையும் தெரிகிறது.

ஒரே சாம்பல் கோட்டு, ஒரே ரொட்டி வரிசை,
மைதானத்தில் ஒரே நொடியில் தொடங்கி
ஒரே நொடியில் நிற்கும் கைதட்டல்.
இரண்டு பேர் ஒன்றுபோல் இருக்க மாட்டார்கள் என்பதை
இந்த நாட்டில் முழுமனதாக நம்புவது
எங்கள் மிலிஷியா அலுவலகம் ஒன்றுதான்.
சான்றுகள் என் இரும்பு அலமாரியில்,
தெரு வாரியாக.

எங்கள் மொழியில் ஓர் 'அ' உண்டு,
தலையில் சின்னக் கிண்ணம் சுமக்கும் 'அ'.
கப்பல் தளத்தில் கையேடுகளை மொழிபெயர்க்கும்
ஸ்மராண்டா கொஜொகாருவின் யந்திரத்தில்
அந்தக் கிண்ணம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும்,
சூப் இப்போது சிந்திவிடும் என்பதுபோல.

நவம்பரில் டிராம் இருக்கையில் கிடந்தது
உள்ளங்கை அளவு காகிதம்.
"வெப்பமில்லை, வெளிச்சமில்லை."
அவ்வளவுதான். ஆனால் எங்கள் மொழியில் அதை எழுத
ஏழு கிண்ணம் வேண்டும்.
ஏழும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

இரண்டு நாள் என்றார் கேப்டன் ஹுட்ஸானு.
அசல் காப்பித்தூள், கால் கிலோ, மேசைமேல் வைத்தார்.
வாங்கிக்கொண்டேன்.
பூதக்கண்ணாடியைத் துடைத்தேன், அலமாரியைத் திறந்தேன்,
பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத நாலாயிரம் தாளையும்
இரண்டு நாளும் பார்த்தேன்.
காப்பி நன்றாக இருந்தது.

"ஒப்புமை எதுவும் இல்லை."
அலுவலக யந்திரத்தில் தட்டி முடித்து
தாளை உருவியபோதுதான் கவனித்தேன்:
எங்கள் 'நெ'க்கு ஒரு கால் குட்டை.
பதினான்கு வருஷமாக நொண்டியிருக்கிறது,
நான் அனுப்பிய ஒவ்வோர் அறிக்கையிலும்.
புக்காரெஸ்டில், என்னைப்போல் கையுறை வெட்டிக்கொண்ட எவனோ
இந்த நொண்டலை அறிந்திருப்பான்.
அவனுக்கு யார் காப்பி கொடுப்பார்கள், தெரியவில்லை.

வீரம் என்று சொல்ல மாட்டேன்.
அன்றிரவு ஜன்னல் இடுக்கில் செய்தித்தாள் திணித்தபடி
மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.
ஏன் செய்தாய் என்று யாராவது மேசையை அறைந்து கேட்டால்,
அந்தக் கிண்ணத்தை எவனும் நிமிர்த்திவிடக் கூடாதே
என்றிருந்தது, ஐயா, என்பேன்.
அது பதிலா? எனக்கே சந்தேகம்.

பிப்ரவரி இருபத்தெட்டு, மாலை, கதவடைக்கும் நேரம்.
ஸ்மராண்டா வந்தாள். போர்வையில் பனி.
மேசைமேல் வைக்கும்போது யந்திரத்தின் மணி
தானாக ஒருமுறை அடித்தது. இருவரும் திடுக்கிட்டோம்.
பதினோரு சொற்கள் தட்டினாள். எழுத்துகள். எண்கள்.
கேள்விக்குறியைப் பட்டென்று தட்டினாள்.

தாளை விளக்கடியில் பிடித்தேன்.
கிண்ணம் சாய்ந்தேயிருந்தது.
பழுது பார்க்கவில்லை. பார்க்க நினைத்தாளோ, துணியவில்லையோ.

"சரியாக இருக்கிறதா?"
குரலில் ஒன்றும் இல்லை.

முத்திரையில் மூச்சை ஊதினேன், மை உறைந்திருந்ததால்.

"போன வருஷம் மாதிரியே," என்றேன்.